பல்வலி நள்ளிரவில் வருகிறது. அதன் தொடக்கம் பல மாதங்களுக்கு முன்னால்

பல் மருத்துவத்தில் அவசரம் என்று சொல்லப்படுபவை ஒரு சிறு பட்டியலுக்குள் அடங்கும். தூங்கவிடாத வலி, முகம் வீங்குதல், ஞானப்பல்லைச் சுற்றி ஈறு வீங்கி வாய் திறக்க முடியாமல் போதல், பல் உடைதல், அடிபட்டுப் பல் விழுதல், அடைத்த சிமென்ட்டோ கேப்போ கழன்றுவிடுதல், பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காமல் கசிதல். இவற்றில் உண்மையாகவே ஒரு நொடியில் நடப்பது அடிபடுவது மட்டும்தான். மற்றவை பெரும்பாலும் நீண்ட நாள் ஓசையில்லாமல் வளர்ந்து, கடைசிக் கட்டத்தில் சத்தம் போடுபவை. முறுக்கைக் கடித்ததும் பல் உடைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் அந்தப் பல் ஏற்கெனவே உள்ளே அரித்துப்போயிருக்கும்.

ஆகவே எந்த அவசரத்துக்கு எவ்வளவு முன்னறிவிப்புக் காலம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். சொத்தைக்கு மாதங்கள், வருடங்கள். வீக்கத்துக்கு நாட்கள், சில சமயம் சில மணி நேரம். விழுந்த பல்லுக்கு நிமிடங்கள்.

பல்லுக்குள் என்ன இருக்கிறது

பல்லின் வெளியே தெரிவது எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். ஆனால் அதில் உயிரணுக்கள் கிடையாது. எலும்பு முறிந்தால் கூடும், எனாமல் உடைந்தால் மறுபடி வளராது. அதற்குக் கீழே டென்டின் என்ற சற்று மென்மையான அடுக்கு. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்கள் உள்நோக்கி ஓடுகின்றன. பல் கூச்சம் இந்தக் குழாய்களின் வழியாகத்தான் உள்ளே போகிறது. நடுவில் பற்கூழ்: நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த உயிருள்ள பகுதி. வேரின் நுனியில் உள்ள மிகக் குறுகிய துளை வழியாக மட்டுமே இதற்கு ரத்தம் வந்து போகிறது. வேரைச் சுற்றிலும் மெல்லிய நார்களின் உறை ஒன்று இருந்து பல்லைத் தாடை எலும்போடு பிணைக்கிறது. விழுந்த பல்லைப் பற்றிப் பேசும்போது இந்த நாருறை மறுபடி வரும்.

சொத்தை உருவாகும் விதம் எளிது. பல்லின் மேல் படியும் வழுவழுப்பான படலத்தில் பாக்டீரியா வாழ்கின்றன. நாம் இனிப்போ மாவுப்பொருளோ சாப்பிட்டதும் அவை அதைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. சில நிமிடங்களுக்குள் அந்த இடத்தின் பி.எச். அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே இறங்கிவிடும். எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ அது. பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, கரைந்த தாதுக்களில் ஒரு பகுதியைத் திரும்பச் சேர்க்கும். இதற்கு அரை மணி நேரம் போல ஆகும். நாள் முழுக்கக் கரைவதும் சேர்வதும் மாறி மாறி நடக்கின்றன. கணக்கில் கரைவது முந்தினால் முதலில் சுண்ணாம்பு போன்ற வெள்ளைப் புள்ளி தோன்றும். இந்தக் கட்டத்தில் சிகிச்சையே இல்லாமல் திரும்பிவர வழி உண்டு. ஓட்டை விழுந்துவிட்டால் இல்லை.

வலி சொல்லும் கட்டங்கள்

சொத்தை உள்ளே போகப் போக அறிகுறிகள் ஓர் ஒழுங்கில் வருகின்றன. எல்லாருக்கும் எல்லாக் கட்டமும் தெரியும் என்பதில்லை, ஆனாலும் வரிசையை அறிந்திருப்பது நல்லது.

1. ஒரே இடத்தில் உணவு திரும்பத் திரும்பச் சிக்குதல். இரண்டு பற்களுக்கு நடுவே ஓட்டை விழுந்திருக்கலாம் என்பதற்கு இதுவே முதல் அடையாளம். பலரும் ஊக்காலோ தீக்குச்சியாலோ குத்தி எடுத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். அப்படிக் குத்துவதால் ஈறும் கிழிகிறது.

2. குளிர்ந்ததோ இனிப்போ பட்டால் சுரீர் என்று இழுத்து, சில நொடிகளில் அடங்கிவிடுதல். பற்கூழ் எரிச்சலடைந்திருக்கிறது, ஆனால் பிழைத்துக்கொள்ளும். பெரும்பாலும் அடைத்தாலே போதும்.

3. சூடான காபி பட்டால் வலி தொடங்கி, பல நிமிடம் நீடித்தல், தானாகவே விட்டு விட்டு வலித்தல், படுத்தால் அதிகமாதல். பற்கூழ் வீங்கிவிட்டது, இனி மீளாது என்று பொருள். காலில் அடிபட்டால் வீங்குவதற்குத் தோல் இடம் கொடுக்கும். பல்லுக்குள் நாலா பக்கமும் கல் போன்ற சுவர். வீக்கத்தின் அழுத்தம் முழுதும் நரம்பின் மேல் இறங்குகிறது. படுக்கும்போது தலைப்பக்கம் ரத்த அழுத்தம் சற்றுக் கூடுவதால் இரவு பதினொரு மணிக்கு வலி உச்சத்துக்குப் போகிறது. இந்தக் கட்டத்தின் கடைசியில் சிலர் ஐஸ் தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள், அதில்தான் வலி குறைகிறது என்று. நரம்பு சாகும் தறுவாயில் இருக்கிறது.

4. வலி ஒரு நாள் காலையில் தானாகவே நின்றுவிடுதல்.

இந்த நான்காவதுதான் மக்களை ஏமாற்றுகிறது. வாங்கி வைத்த அப்பாயின்ட்மென்ட்டை ரத்து செய்வது இப்போதுதான். வலி நின்றதற்குக் காரணம் நரம்பு இறந்துபோனது, நோய் நிற்கவில்லை. செத்த கூழில் பாக்டீரியா பெருகி, வேர் நுனித் துளை வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்குகின்றன. சில வாரமோ சில மாதமோ அமைதி. அதற்குள் ஈறில் சிறு கொப்புளம் ஒன்று வந்து, உடைந்து, ஆறி, மறுபடி வரலாம். சீழ் வெளியேற வழி கிடைத்திருப்பதால் அப்போது வலிக்காது. என் கருத்தில், பல்வலிக்கு டாக்டரிடம் போவதற்கு மிக அவசரமான நாள் வலி காரணமில்லாமல் நின்ற நாள்.

மாத்திரையும் கிராம்பும் எதுவரை

மெடிக்கல் ஷாப்பில் “பல்வலிக்கு ஒரு செட்” என்று கேட்டால் வலி மாத்திரையோடு ஆன்டிபயாடிக் இரண்டு வேளைக்குக் கிடைத்துவிடுகிறது. இது ஏன் சிகிச்சை ஆகாது என்பதற்கான விடை மேலே சொன்ன உடலமைப்பிலேயே இருக்கிறது. மாத்திரை ரத்தத்தின் வழியாகத்தான் பயணம் செய்யும். செத்த பற்கூழுக்குள் ரத்த ஓட்டம் இல்லை. பாக்டீரியா இருக்கும் அறைக்குள் மருந்தால் நுழைய முடியாது. வெளியே கசிந்தவற்றை மட்டும் அடக்கும். மாத்திரையை நிறுத்தியதும் உள்ளிருந்து மறுபடி கிளம்பும். ரூட் கெனால் செய்து அறையைச் சுத்தப்படுத்த வேண்டும், அல்லது பல்லை எடுக்க வேண்டும், சீழ் சேர்ந்திருந்தால் வடிக்க வேண்டும். காய்ச்சல், பரவும் வீக்கம் இருக்கும்போது ஆன்டிபயாடிக் துணைக்கு வரும். வெறும் வலிக்கு அது தேவையே இல்லை.

டாக்டரைப் பார்க்கும் வரை வலியைத் தாங்கப் பாரசிட்டமால் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோயோ தொடர் மதுப்பழக்கமோ இருந்தால் அந்த அளவே அதிகம். சளி மாத்திரைகளிலும் பாரசிட்டமால் கலந்திருப்பதை மறந்துவிடுகிறார்கள். இப்யூபுரூஃபன் பல்வலிக்கு நன்றாகக் கேட்கும், ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்து டெங்கு பரவும் மழைக்காலமாக இருந்தால் இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின் இரண்டுமே வேண்டாம், ரத்தக்கசிவு அபாயம்.

கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜினால் உண்மையிலேயே மரக்கச் செய்யும். பஞ்சில் ஒரு சொட்டு, ஓட்டைக்குள் மட்டும். ஈறில் வழிந்தால் புண்ணாகும். ஆஸ்பிரின் மாத்திரையையோ பூண்டையோ கன்னத்துக்குள் அடக்கி வைத்தால் சதை வெந்து வெள்ளையாக உரியும். குழந்தைகள் வாயில் கற்பூரம் வைக்கவே கூடாது, விழுங்கினால் வலிப்பு வரும். கண்டங்கத்திரி விதைப் புகை பிடித்தால் பல் புழு விழும் என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பல்லில் புழு இல்லை.

வீக்கம்: எப்போது காத்திருக்கக் கூடாது

பல்லிலிருந்து கிளம்பும் சீழ் எந்தப் பக்கம் போகும் என்பதை வேர் நுனியின் இடம் தீர்மானிக்கிறது. கீழ்த்தாடையின் கடைசி இரண்டு கடைவாய்ப்பற்களின் வேர்கள், வாயின் அடித்தளமாக இருக்கும் தசை ஒட்டியிருக்கும் கோட்டுக்கும் கீழே போகின்றன. அங்கிருந்து வரும் தொற்று வாய்க்குள் உடையாமல் நேராகக் கழுத்துப் பக்கம் இறங்கக்கூடும். இரண்டு பக்கமும் பரவி நாக்கை மேலே தள்ளி மூச்சுக்குழலை அடைக்கும் நிலையை 1836இல் ஜெர்மானிய மருத்துவர் வில்ஹெல்ம் ஃப்ரீட்ரிஷ் ஃபான் லூட்விக் விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால் லூட்விக் ஆஞ்சைனா என்றே அழைக்கப்படுகிறது. ஆன்டிபயாடிக் வருவதற்கு முன் இது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சொத்தைப் பல்லால் உயிர் போகுமா என்று கேட்பவர்களுக்குப் பதில்: அரிதாக, ஆனால் போகும்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் தெருமுனை கிளினிக் திறக்கும்வரை காத்திருக்காமல், 24 மணி நேர அவசரப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். தேவைப்பட்டால் 108.

1. எச்சிலை விழுங்க முடியவில்லை, வாயிலிருந்து வழிகிறது.

2. மூச்சு விடச் சிரமம், அல்லது குரல் அடைத்துக் கரகரப்பாக மாறிவிட்டது.

3. இரண்டு விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை.

4. வீக்கம் தாடைக்குக் கீழே கழுத்துக்கு இறங்குகிறது, அல்லது மேலே ஏறிக் கண் மூடிக்கொள்கிறது.

5. வீக்கத்தோடு குளிர்காய்ச்சல், மயக்கம்.

வீங்கிய கன்னத்தில் வெளியே சூடான ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். வேண்டாம், சீழ் தோல் பக்கம் இழுபட வாய்ப்பு உண்டு. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கலாம், வெளியே குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம்.

மேல்தாடைப் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்ற பயம் நம்மூரில் இன்னும் பலரைக் கட்டிப்போட்டிருக்கிறது. பல்லுக்குப் போகும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. இரண்டும் மூளையிலிருந்து தனித்தனியாகக் கிளம்புபவை. கண்ணுக்கு ஆபத்து வருவது அந்தச் சீழ்ப் பல்லை எடுக்காமல் விட்டால்தான். மேல் கோரைப்பல்லின் தொற்று கண்ணுக்குக் கீழே தேங்கி, அங்கிருந்து ரத்தக்குழாய் வழியாகத் தலைக்குள் போகக்கூடியது.

இன்னொரு எச்சரிக்கை, பல்லோடு தொடர்பில்லாதது என்பதாலேயே முக்கியமானது. மாடி ஏறும்போதோ வேகமாக நடக்கும்போதோ கீழ்த்தாடை வலித்து, உட்கார்ந்ததும் அந்த வலி நின்றுவிட்டால், அதோடு வியர்வையும் நெஞ்சு அழுத்தமும் சேர்ந்தால், அது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். பல் டாக்டரிடம் போய் நேரம் கழிக்கக் கூடாது.

தினசரிக் கணக்கு

அமிலம் அரை மணி நேரம் இருக்கும் என்று பார்த்தோம். இனிப்பின் அளவைவிட எத்தனை தடவை என்பது ஏன் முக்கியம் என்று இதிலிருந்து புரியும். காலை ஆறு மணிக்குச் சர்க்கரை போட்ட காபி, பதினொரு மணிக்கு டீயும் பிஸ்கட்டும், நான்கு மணிக்கு மறுபடி டீ, ஆறு மணிக்கு ஒரு கடலை மிட்டாய், படுக்கும்போது சர்க்கரை போட்ட பால். மூன்று வேளை உணவைச் சேர்க்காமலே இதில் இரண்டரை மணி நேரம் பல் அமிலத்தில் இருக்கிறது. டீயை ஒரு மணி நேரம் வைத்து உறிஞ்சினால் இன்னும் கூடும். கல்யாண வீட்டில் இலையில் வைத்த இரண்டு ஜாங்கிரியைச் சாப்பாட்டோடு சாப்பிட்டவருக்கு ஒரே ஒரு தடவைதான். பல்லைப் பொறுத்தவரை அவர் பிழைத்துக்கொள்வார். டீயை நிறுத்தச் சொல்லவில்லை. இரண்டு வேளையாவது சர்க்கரை இல்லாமல் குடித்தால் கணக்கு மாறும். பிஸ்கட், ரஸ்க், சிப்ஸ் போன்றவை இனிப்பாக இல்லாவிட்டாலும் கடைவாயின் பள்ளங்களில் அப்பிக்கொண்டு மிட்டாயைப் போலவே வேலை செய்கின்றன.

அடுத்தது இரவு. தூங்கும்போது உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பகலில் அரை மணி நேரத்தில் தணியும் அமிலம் இரவில் நெடுநேரம் தங்கும். நம் வீடுகளில் பல் தேய்க்காமல் காபி கிடையாது என்ற கண்டிப்பு காலைக்கு உண்டு, இரவுக்கு இல்லை. காலையில் தேய்ப்பது வாய் நாற்றம் போகவும் முகம் கொடுத்துப் பேசவும். பல்லைக் காப்பது இரவில் தேய்ப்பது. ஒரு வேளைதான் முடியும் என்று ஒருவர் அடம்பிடித்தால் இரவைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன், இரண்டு வேளையும் தேய்ப்பதே முறை என்றாலும். தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது, பாலும் கூடாது.

எதைக் கொண்டு தேய்ப்பது? ஃப்ளோரைடு உள்ள பேஸ்ட். கரைந்த தாதுக்கள் திரும்பச் சேரும்போது ஃப்ளோரைடு உடனிருந்தால் முன்பைவிட அமிலத்தைத் தாங்கும் பரப்பு உருவாகிறது. இந்தியாவில் பேஸ்ட்டில் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 1000 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு). மூலிகைப் பேஸ்ட்டுகள் பலவற்றில் இது இருக்காது. அட்டைப்பெட்டியில் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். டியூபின் அடியில் உள்ள பச்சை, சிவப்பு, கறுப்புக் கட்டத்தைப் பார்த்து மூலிகையா ரசாயனமா என்று கண்டுபிடிக்கலாம் என்று சுற்றும் வாட்ஸ்அப் செய்தி பொய். டியூபை எங்கே வெட்டி ஒட்டுவது என்று எந்திரத்துக்குக் காட்டும் குறி அது. ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் அழுக்கை எடுக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு நாளில் ஐந்து தடவை சர்க்கரை வாய்க்குள் போகாத காலத்துக்கு அது போதுமானதாக இருந்தது. கரித்தூள், செங்கல்பொடி, சாம்பல், வெறும் உப்பு ஆகியவை எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள், நியாயமாகவே. அங்கே நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்து, தலைமுறைகளாகப் பல்லில் பழுப்புக் கறை படிந்திருக்கிறது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. சிக்கல், விழுங்கப்படும் ஃப்ளோரைடில்தான். பல் உருவாகும் வயதில் தினம் குடிக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுவது. பேஸ்ட் பல்லின் மேல் பட்டுத் துப்பப்படுவது. ஆகவே மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்று துப்பச் செய்தல் என்ற எல்லைக்குள் வைத்துக்கொண்டால் போதும். ஆழ்துளைக் கிணற்று நீரையே இன்னும் குடிக்கும் ஊர்களில் குழந்தைக்கு எந்தப் பேஸ்ட் என்று பல் டாக்டரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

தேய்க்கும் முறையில் மூன்று குறிப்புகள் மட்டும்.

1. மென்மையான பிரஷ், இரண்டு நிமிடம், ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்துப் பிடித்து. அழுத்தித் தேய்த்தால் சுத்தம் அதிகமாகாது. ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும்.

2. முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். வாய் நிறையத் தண்ணீர் ஊற்றி நாலைந்து தடவை கொப்பளித்தால் பேஸ்ட் செய்ய வேண்டிய வேலையைக் கழுவி விடுகிறோம்.

3. பிரஷ் பற்களின் நடுவே நுழையாது. ஃப்ளாஸ் என்ற பல்நூலோ இடைவெளி பிரஷ்ஷோ அங்கே வேண்டும். எலுமிச்சை ஜூஸ், சோடா குடித்த உடனே தேய்க்கக் கூடாது. அரை மணி பொறுக்க வேண்டும்.

தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தால் பலர் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் படலம் தங்கியிருக்கிறது. மெதுவாக, ஆனால் கூடுதல் கவனத்தோடு தேய்க்க வேண்டிய இடம் அதுவே. படலம் இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷ்ஷால் போகாது, கிளீனிங் செய்துதான் எடுக்க வேண்டும். கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்பார்கள். எலும்பு ஏற்கெனவே கரைந்து, காரை மட்டுமே பல்லைத் தாங்கிக்கொண்டிருந்தால் அதை எடுத்ததும் ஆட்டம் தெரியும். ஆட்டியது கிளீனிங் அல்ல, அதற்கு முந்தைய பத்து வருடம்.

குழந்தைகள் விஷயத்தில் ஒரு பல்லை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு வயதுவாக்கில், பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப்பல் முளைக்கிறது. எதுவும் விழாததால் அதையும் பால் பல் என்று நினைத்து, சொத்தையானால் விழுந்து முளைக்கும் என்று பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். அது வாழ்நாள் முழுக்க இருக்க வேண்டிய பல். முளைத்தவுடன் அதன் பள்ளங்களை ஸீலன்ட் என்ற பூச்சு வைத்து மூடினால் சொத்தை வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். ஒரு வயதுக் குழந்தைக்கு இரவில் சர்க்கரைப் பால் புட்டியை வாயில் வைத்தே தூங்கவிடுவதும், ரப்பரில் தேன் தடவிக் கொடுப்பதும் மேல் முன்பற்களை ஒரே வருடத்தில் கறுத்த வேர்களாக்கிவிடும்.

உடையும் பற்கள்

சீடை, தட்டை, கரும்பு, நல்லி எலும்பு, ஐஸ் கட்டி, கொட்டைப்பாக்கு எதுவும் ஆரோக்கியமான பல்லை எளிதில் உடைப்பதில்லை. உடைபவை பெரிய ஃபில்லிங் இருக்கும் பற்கள், தூக்கத்தில் நறநறவென்று கடிப்பவர்களின் பற்கள், ரூட் கெனால் செய்து கேப் போடாமல் விட்டவை. இந்தக் கடைசி வகை ஒரு வருத்தமான வகை. ரூட் கெனால் முடிந்ததும் வலி போய்விடுகிறது, கேப்புக்குத் தனிச் செலவு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போகும். ஆழமாகத் தோண்டப்பட்ட பல் சுவர் மட்டுமாக நிற்கிறது. ஒரு நாள் சோற்றில் கிடந்த கல் அதை வேர்வரை பிளக்கும். பிறகு எடுப்பதைத் தவிர வழியில்லை.

கடிக்கும்போது வலிக்காமல், கடித்ததை விடும்போது சுரீர் என்றால் விரிசல் இருக்கிறது. அந்தப் பக்கம் மெல்லாமல் டாக்டரிடம் போக வேண்டும். சோடா மூடி திறப்பது, நூல் கடிப்பது, பாக்கெட் கிழிப்பது ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கேப் கழன்றால் பத்திரமாக எடுத்துப் போகலாம். கடையில் விற்கும் பசை போட்டு ஒட்டினால் மறுபடி பொருத்த முடியாமல் போகும்.

விழுந்த பல்: முதல் அரை மணி நேரம்

இதுதான் முன்னறிவிப்பில்லாத அவசரம். விளையாட்டு மைதானம், பைக் விபத்து, குளியலறை வழுக்கல். மேல் முன்பற்கள் துருத்தியிருக்கும் குழந்தைகளுக்கு வாய்ப்பு அதிகம். முகம் முழுதும் மூடும் ஹெல்மெட், கபடிக்கும் ஹாக்கிக்கும் வாய்க்கவசம், துருத்திய பல்லுக்குக் காலத்தில் கம்பி போடுதல் ஆகியவைதான் தடுப்பு. அதற்குமேல் பல்லைக் காப்பாற்றுவது பக்கத்தில் நிற்பவரின் அறிவு. விழுந்த பல்லின் வேரில் ஒட்டியிருக்கும் நாருறையின் அணுக்கள் உயிரோடு இருந்தால் பல் மறுபடி பிடிக்கும். காற்றில் காய்ந்தால் அவை நிமிடக்கணக்கில் சாகின்றன. ஒரு மணி நேரம் உலர்ந்தால் பிழைப்பதில்லை.

1. பல்லைத் தேடி, வெள்ளையாகத் தெரியும் மேல் பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது.

2. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ மெதுவாக அலச வேண்டும். தேய்ப்பது, துணியால் துடைப்பது, சோப்புப் போடுவது கூடாது.

3. நிரந்தரப் பல்லாக இருந்து, அடிபட்டவர் நினைவோடு இருந்தால், அப்போதே குழியில் திரும்பச் சொருகி, கைக்குட்டையைக் கடிக்கச் சொல்ல வேண்டும். பயமாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல வழி இல்லை.

4. முடியாவிட்டால் குளிர்ந்த பாலில் போட வேண்டும். டீக்கடைச் சட்டியில் கொதிக்கும் பால் வேண்டாம். பக்கத்துக் கடையில் ஒரு பாக்கெட் பால் போதும். பால் இல்லையென்றால் அடிபட்டவரின் எச்சிலையே ஒரு டம்ளரில் துப்பச் சொல்லி அதில். இளநீரை ஆய்வகங்களில் சோதித்திருக்கிறார்கள், முடிவுகள் ஒன்றுபோல் இல்லை, அதில் அமிலத்தன்மையும் உண்டு. வெறும் தண்ணீர் நல்லதல்ல, ஆனால் காகிதத்தில் மடித்துப் பாக்கெட்டில் வைப்பதைவிட மேல்.

5. ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம். அங்கே இரண்டு வாரம் போலப் பக்கத்துப் பற்களோடு கட்டி வைப்பார்கள். ரண ஜன்னி ஊசி பற்றிக் கேட்க வேண்டும்.

பால் பல் விழுந்தால் திரும்ப வைக்கவே கூடாது. உள்ளே வளரும் நிரந்தரப் பல்லின் மொட்டு சேதமாகும். அடிபட்டவர் மயங்கியிருந்தால், வாந்தி எடுத்தால், பல் இரண்டாம்பட்சம், தலைக்காயம்தான் முதலில். இந்த ஐந்தையும் உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் அறிந்திருந்தால் ஒரு பள்ளிக்கூடத்துக்கே போதும்.

மற்றவர்களைவிட முன்கூட்டியே போக வேண்டியவர்கள்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது பொதுக் கணக்கு. சிலருக்கு அது தாமதம், அல்லது அதற்குமுன் சொல்ல வேண்டியவை இருக்கின்றன.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஈறு நோய் வேகமாக வளர்கிறது. ஈறில் தொற்று இருந்தால் சர்க்கரையும் கட்டுக்குள் வர மறுக்கிறது. அவர்களுக்குச் சிறு வீக்கம்கூட ஒரே இரவில் பெரிதாகலாம். ரத்தக் கொதிப்புக்கும் மன அழுத்தத்துக்கும் நீண்ட நாள் மாத்திரை எடுக்கும் முதியவர்களில் பலருக்கு வாய் உலர்ந்து போகிறது. ஈறு இறங்கி வெளியே தெரியும் வேருக்கு எனாமல் கவசம் இல்லை, எனாமலைவிட லேசான அமிலத்திலேயே கரையும். அறுபது வயதில் திடீரென்று நாலைந்து பற்கள் ஈறோரம் அரிப்பதற்கு இந்த இரண்டும் சேர்ந்ததே காரணம். பதினேழு முதல் இருபத்தைந்து வயதுக்குள் ஞானப்பல் பாதி முளைத்து நின்றால், மேலே மூடிய ஈறுக்கடியில் உணவு தங்கித் திரும்பத் திரும்ப வீங்கும். தேர்வு நேரத்தில் வாய் திறக்க முடியாமல் தவிப்பதைவிட, ஒரு எக்ஸ்ரே எடுத்து அதன் நிலையை முன்பே தெரிந்துகொள்ளலாம். கர்ப்பமாகத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே பற்களைப் பார்த்துவிடுவது வசதி. கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் பல் சிகிச்சை செய்துகொள்ளலாம், வலியையும் சீழையும் பிரசவம் வரை அடக்கி வைப்பதுதான் தாய்க்கும் குழந்தைக்கும் கெடுதல்.

பல் எடுத்தபின் ரத்தம் கசிந்தால் பஞ்சை அரை மணிக்கு மேல் விடாமல் கடித்திருக்க வேண்டும். அடிக்கடி துப்பினால் உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும். அன்று சூடான காபி, ஸ்ட்ரா, பீடி, சிகரெட் எல்லாம் விலக்கு. இரண்டு மூன்று நாள் கழித்து வலி குறைவதற்குப் பதில் காது வரை இழுத்தால், குழியில் ரத்த உறைவு போய் எலும்பு திறந்திருக்கலாம். மறுபடி போய் மருந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் எடுக்கப் போகிறோம் என்று தாங்களாகவே அதை நிறுத்திவிடுகிறார்கள். ரத்தம் கசிந்தால் பல் டாக்டர் தையல் போட்டு நிறுத்திக்கொள்வார். மாத்திரையை நிறுத்தியதால் இதயத்திலோ மூளையிலோ ரத்தம் உறைந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மாத்திரைச் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய், இதய வால்வு மாற்றியிருந்தால் அதையும் சேர்த்து, நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். எலும்புத் தேய்மானத்துக்கு ஊசியோ வாராந்திர மாத்திரையோ எடுப்பவர்களும் அப்படியே. பல் பிடுங்கிய குழி ஆறாமல் தாடை எலும்பு பட்டுப்போகும் சிக்கல் அவர்களில் சிலருக்கு வருவதால், அந்த மருந்தைத் தொடங்குவதற்கு முன்பே வாயில் எடுக்க வேண்டிய பல் எதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் நல்லது.